உமி ஊதுகிறவர்

தம்மபாலன் தினைக் கிண்ணத்தை வாய்க்கு நேரே பிடித்து மெதுவாக ஒருமுறை ஊதுகிறார். பார்வைக்குக் கிண்ணம் நிறையத் தினை இருந்தது. ஊதியதும் அத்தனையும் பறந்துபோய் அடியில் நாலைந்து மணிகள்தான் மிஞ்சுகின்றன. பறந்தது உமி. லவ் பேர்ட்ஸ் என்றும் குருவி என்றும் ஊரார் சொல்கிற இந்தச் சின்னக் கிளிகள் தினையை உரித்துப் பருப்பைத் தின்றுவிட்டு, உமியை அதே கிண்ணத்தில் போட்டுவிடும். தம்மபாலன் பதினாறு கிண்ணங்களையும் ஊதி, புதுத் தினை போட்டு, திரும்ப வைப்பதற்கு அரைமணி நேரம் ஆகிறது. அதுவரை யார் வந்து நின்றாலும் பேசமாட்டார். ஊதி முடித்து நிமிரும்போது புருவம் இரண்டும் உமியால் நரைத்திருக்கும்.

வயது நாற்பத்தெட்டு. ஒல்லியான ஆள். கோலார் தங்கச் சுரங்கத்தில், ஆட்கள் கீழே இறங்கும் ஷாஃப்ட்டின் மேல்முனையில் அவருக்கு வேலை. ஆட்கள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறியதும் தலைகளை எண்ணி, கதவை இழுத்துப் போட்டு, மணியடித்து இறக்கிவிடுவார். மேலே வரும்போது கதவைத் திறந்து மறுபடி எண்ணுவார். "அங்கயும் கேஜு, வூட்லயும் கேஜு" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அவர் அதற்குச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அதுல போறவன் ஷிப்டு முடிஞ்சா வூட்டுக்குப் போவான். இதுங்களுக்கு இதான் வூடு. ரெண்டும் ஒண்ணா?" என்பார்.

ஸ்கெலட்டன் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் லைன் வீடு. தகரக் கூரை, தட்டிச் சுவர். பின்புறத்தில் பழைய மரப்பெட்டிப் பலகைகளும் கம்பி வலையும் வைத்து அவரே அடித்த எட்டுக் கூண்டுகள். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கம் பார்த்த முகத்தில் கோணிச்சாக்கு தொங்கும். ஆடிக் காற்றில் மேட்டிலிருந்து வெள்ளைத் தூசு கிளம்பினால் முதலில் அந்தச் சாக்குகளை நனைப்பார், பிறகுதான் வீட்டு ஜன்னலைச் சாத்துவார். குருவிகளுக்கு அவர் பெயர் வைப்பதில்லை. பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை, அவ்வளவுதான். ஆனால் எது யாருக்குப் பிறந்தது என்று பழைய ஷிப்டு அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். அண்ணன் தங்கை ஜோடி சேர்ந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

குருவிகளோடு அவர் பேசுவது தெலுங்கில். அதுவும் மரியாதைத் தெலுங்கு. "ரண்டி, ரண்டி" என்றுதான் கூப்பிடுவார். "எங்கிட்ட ஒரு நாளு 'வாங்க'ன்னு சொன்னது கெடயாது. குருவிய மட்டும் வாங்க வாங்கன்றாரு" என்பார் அவர் மனைவி பழனியம்மா.

தெலுங்குக்குக் காரணம் இருக்கிறது. ஐம்பத்தாறில் சுரங்கம் கம்பெனி கையிலிருந்து சர்க்கார் கைக்குப் போனது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் பங்களாவைக் காலிசெய்து சீமைக்குக் கிளம்பினார். அந்தப் பங்களாவில் பழனியம்மா ஆயா வேலை பார்த்தார். தோட்டத்துக் கூண்டில் பதினோரு குருவிகள். பார்த்துக்கொண்டிருந்த தெலுங்குத் தோட்டக்காரர் ஊருக்குப் போகும்போது, "எங்காச்சும் விட்டுடாதே அம்மா" என்று ஒரு டீப்பெட்டியில் அடைத்துப் பழனியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். குருவிகளுக்குத் தெரிந்த பாஷை அதுதான் என்று தம்மபாலன் முடிவுசெய்துகொண்டார். முப்பது தலைமுறைக் குஞ்சுகள் ஆன பிறகும் அவர் பாஷையை மாற்றவில்லை.

அந்தப் பதினொன்றில் ஏழு முதல் வருஷமே செத்துப்போயின. குருவி வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் இதைத்தான் அவர் முதல் பேச்சாகச் சொல்கிறார். "ஏழு செத்துச்சு சார். என் கையாலதான். சோறு போட்டேன். அடுப்பாண்ட கூண்ட மாட்டுனேன், குளுருமேன்னு. பொக அதுங்களுக்கு ஆவாதுன்னு தெரியல. தெரியாம பண்ணாலும் சாவு சாவுதானே." வியாபாரம் செய்கிற யாரும் இப்படி ஆரம்பிக்கமாட்டார்கள். பாதிப் பேர் இதைக் கேட்டதுமே கிளம்பிவிடுவார்கள்.

மிச்சப் பேரைக் கேள்வி கேட்பார். வீட்டில் பூனை வருமா, அடுப்பு எந்தப் பக்கம், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், ஏன் வேண்டும். "பாக்க அழகா கீது" என்றால் "ராபர்ட்சன்பேட்டைல காலண்டர் விக்கிறான், வாங்கி மாட்டுங்க" என்று எழுந்துவிடுவார். பெங்களூரிலிருந்து ஒரு கடைக்காரர் வந்து, மாதாமாதம் பிறக்கிற குஞ்சையெல்லாம் மொத்தமாகத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "எடுத்துகினு போயி யாருக்குக் குடுப்பீங்க?" என்று கேட்டார் தம்மபாலன். "யாரு காசு குடுக்கறாங்களோ அவங்களுக்கு." கடைக்காரருக்குக் காப்பி கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள்.

முன்பெல்லாம் அவர் இத்தனை கேள்வி கேட்டதில்லை. தம்மபாலன் குடும்பம் அவர் தகப்பனார் காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்த குடும்பம். பஞ்சசீலம் சொல்கிறவன் பறவையைக் கூண்டில் அடைக்கலாமா என்று பௌத்த சங்கத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களில் சௌந்தரராஜன் என்பவர் நல்ல மனுஷர், இளகிய மனசு. ஒரு வைகாசி பௌர்ணமிக்கு முந்திய நாள் வந்து, வீட்டில் வளர்க்கப்போகிறேன் என்று நாலு குருவி வாங்கிப்போனார். மறுநாள் காலை வழிபாடு முடிந்து ஜனங்கள் வெள்ளை உடுப்பில் மண்டபத்து வாசலில் நிற்கும்போது, கூண்டைத் தூக்கிப் பிடித்துக் கதவைத் திறந்துவிட்டார். பச்சை இரண்டும் நீலம் இரண்டும் ஜிவ்வென்று மேலே போயின. கூட்டம் 'சாது, சாது, சாது' என்று வாழ்த்தியது.

தைல மரத்தில் காக்கைகள் இருந்தன. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு நீலம் மட்டும் தந்திக் கம்பியில் உட்கார்ந்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்த காக்கையைத் திரும்பிப் பார்த்ததாம், பயமே இல்லாமல். தம்மபாலன் கூட்டத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சௌந்தரராஜன் தரையில் உட்கார்ந்து அழுதார். அவரைத் தம்மபாலன் திட்டவில்லை, கைபிடித்து எழுப்பி வீடுவரை கொண்டுபோய் விட்டார். "அவரு மேல இன்னா தப்பு? இதுங்க இந்த ஊரு இல்ல. இதுங்களுக்குக் காக்கான்னா இன்னான்னே தெரியாதுன்னு நான் சொல்லி அனுப்பியிருக்கணும். எதுக்கு வாங்கறீங்கன்னு ஒரு வார்த்த நான் கேக்கல." அன்றிலிருந்து கேட்கிறார்.

நான் அவரை அறிந்தது சிஸ்டர் ஐடாவால்.

சுரங்க ஆஸ்பத்திரியில் நான் கிளார்க். ஐடா ஆண்கள் வார்டில் நர்ஸ். நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருநாள் என் ஜன்னலில் வந்து நின்று, "சார், நல்ல குருவி எங்க கெடைக்கும்? ஏமாத்தாத ஆளா வேணும்" என்றார். விசாரித்தேன். ஒரு மாதம் முன்பு சந்தையில் எவனோ ஒருவனிடம் இரண்டு பச்சைக் குருவி வாங்கியிருக்கிறார். மூன்றாம் நாள் அவை தண்ணீர்த் தட்டில் குளித்தன. தண்ணீர் பச்சையானது, குருவிகள் பழுப்பாயின. வயல்காட்டுத் தினைக்குருவிக்குச் சாயம் பூசி விற்றிருக்கிறான். எட்டாம் நாள் இரண்டும் செத்துக் கிடந்தன.

"இப்ப குருவி எதுக்கு சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"வார்டுல நாப்பது பேரு இருமறதும் மொனகறதும் கேட்டுகினே இருக்கேன். வீட்டுக்குப் போயி கதவத் தெறந்தா ஒரு சத்தம் இல்ல சார். தட்டு கழுவுற சத்தம்கூட நான் கழுவுனாதான்." இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நாலு பேரைக் கேட்டதில் தம்மபாலன் பெயரைச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐடாவை ஸ்கெலட்டனுக்கு அழைத்துப்போனேன். தம்மபாலன் கிண்ணங்களை ஊதி முடிக்கும்வரை நின்றோம். ஐடா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேள்விகள் ஆரம்பமாயின. நைட் ஷிப்டு வரும் என்றதும் தம்மபாலன் சரிப்படாது என்று தலையசைத்தார்.

"நீங்களும் ஷிப்டுதானே அண்ணா?" என்றார் ஐடா.

"எனக்கு வூட்ல பழனியம்மா கீது. உங்களுக்கு யாரு கீறாங்க?"

"பக்கத்து குவார்ட்டர்ஸ் ஃப்ளோரா. அவங்களும் நர்ஸுதான். அவங்களுக்கு எப்பவும் எனக்கு மாத்து ஷிப்டு."

"சரி. மொதல்ல குருவி வளத்துக்கீறீங்களா?"

ஐடா சாயக் கதையைச் சொன்னார். சந்தைக்காரனைத் தம்மபாலனும் நாலு வார்த்தை திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் புருவத்து உமியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவன் ஏமாத்துனான். சரி சிஸ்டரம்மா. எட்டு நாளு அதுங்க உங்க வூட்ல இருந்துச்சே. நீங்க இன்னா பண்ணீங்க?"

ஐடாவின் முகம் சிவந்துவிட்டது. பதினெட்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவரிடம் கேட்கிற கேள்வியா இது? "வாங்க சார், போலாம்" என்றார். ஆஸ்பத்திரி கேட் அருகில் வந்ததும், "பெரிய டாக்டர்கூட என்ன இப்படி ஒரு கேள்வி கேட்டதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஐடா தனியாகப் போயிருக்கிறார். எனக்கு இதைச் சொன்னவர் பழனியம்மா. ஐடா வாசலில் நின்றபடியே, உள்ளே வா என்று சொல்வதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாராம்.

"அண்ணா, சாயம் பூசுனது அவன். ஆனா கொன்னது நான்தான். கிண்ணம் நெறைய தீனி இருக்குதுன்னு எட்டு நாளா நான் பாத்துகினே இருந்தேன். நெறையத்தான் இருந்துச்சு. போன வாரம் நீங்க ஊதும்போதுதான் தெரிஞ்சுது, அது உமி. பட்டினி போட்டுக் கொன்னுருக்கேன். பசின்னு கத்துச்சுங்க. பாடுதுன்னு நெனச்சேன்."

பழனியம்மா சொன்னார்: "அந்தம்மா அழுவல. நான்தான் அழுதேன். இவரு எழுந்து போயி ஒரு முக்காலிய கொண்டாந்து போட்டு, 'ஒக்காருங்கம்மா'ன்னாரு. நானும் இருபது வருஷமா பாக்கறேன், யாருக்கும் அந்த முக்காலிய அவரு கொண்டாந்து போட்டதில்ல."

அன்றைக்கு இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கழுத்தை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு, நெஞ்சை அழுத்தாமல் பிடிப்பது எப்படி என்று காட்டியிருக்கிறார். நோய் வந்தால் குருவி சொல்லாது, பந்துபோல உப்பிக்கொண்டு உட்காரும், அதுதான் சொல்வது. ஜோடி கொடுப்பேன், முட்டையிடுகிற சட்டி கொடுக்கமாட்டேன், ஒரு வருஷம் போகட்டும். குஞ்சுகளுக்கு நெற்றியில் இருக்கும் கறுப்புக் கோடு மறைந்த பிறகுதான் தாயைவிட்டுப் பிரிப்பேன், அதற்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, பிறகு வாங்க என்று அனுப்பியிருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து ஐடா என்னையும் கூப்பிட்டார். கையில் புதுக் கூண்டு. பன்னிரண்டு மணி இருக்கும். தம்மபாலன் ஒரு கூண்டுக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டிருந்தார். தரை ஒருமுறை இடித்தது. கோலாரில் இருக்கிறவர்களுக்கு அந்த இடி தெரியும். பூமிக்கடியில் ஏதோ ஒரு லெவலில் பாறை கனம் தாங்காமல் வெடித்தால், மேலே வீடுகள் குலுங்கும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். அன்றைக்கு வந்தது சின்ன இடி இல்லை. கூரைத் தகரம் தடதடத்தது, அலமாரியிலிருந்து டம்ளர்கள் உருண்டன. எட்டுக் கூண்டிலும் குருவிகள் வலையில் போய் மோதின.

"யாரும் அசையாதீங்க!" என்றார் தம்மபாலன். கையை வெளியே எடுக்காமல், கதவைத் தன் உடம்பால் அடைத்து நின்றுகொண்டு, சின்னக் குரலில் "ரண்டி, ரண்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சிறகடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒரு நீலக் குருவி மட்டும் கூண்டுத் தரையில் கிடந்தது. இறகு ஒன்று முறிந்து ரத்தம் சொட்டியது. ஐடா யாரையும் கேட்கவில்லை. கற்றுக்கொண்டபடியே கழுத்தை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு எடுத்தார். "அக்கா, மாவு ஏதாச்சும் குடுங்க." பழனியம்மா கேழ்வரகு மாவை அள்ளிக்கொண்டு வந்தார். ஐடா அதை வைத்து அழுத்திப் பிடித்தார்.

அப்போது சுரங்கத்துச் சங்கு ஊதியது.

அந்தச் சங்கு எதற்கு என்று யாரும் யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. தம்மபாலனுக்கு அன்று ஓய்வு நாள். ஐடாவுக்கும் ஓய்வு நாள். ஐடா குருவியைப் பழனியம்மாவின் கையில் வைத்து, "பத்து நிமிஷம் இப்படியே அழுத்திப் புடிங்க. வுடாதீங்க" என்றார். தம்மபாலன் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். இருவரும் ஒன்றாகத்தான் தெருவில் இறங்கினார்கள். முனையில் தம்மபாலன் ஷாஃப்ட்டுப் பக்கமும் ஐடா ஆஸ்பத்திரிப் பக்கமுமாகப் பிரிந்தார்கள். நான் ஐடாவின் பின்னால் ஓடினேன். புதுக் கூண்டு அங்கேயே கிடந்தது.

மூன்று பேர் பிழைக்கவில்லை. பதினோரு பேரை ஐடாவின் வார்டில் சேர்த்தார்கள். பெயர்களை எழுதியவன் நான். அத்தனை பேருக்கும் மேலே கேஜ் கதவைத் திறந்தவர் தம்மபாலன். மறுநாள் விடிகிறவரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை என்று ஸ்ட்ரெச்சர் தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள். ஐடா நாலு நாள் குவார்ட்டர்ஸுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் குருவிப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் தம்மபாலன் என் ஜன்னலில் வந்து நின்றார். "கிளார்க்கு சார், சிஸ்டரம்மாவுக்கு இன்னிக்கி இன்னா ஷிப்டு?"

"ரெண்டு மணிக்கு முடியும்."

அவர் பக்கத்தில் துவைத்த துண்டால் மூடிய ஐடாவின் கூண்டு இருந்தது. வெயில் படாத இடமாகப் பார்த்து அதை வைத்து, பக்கத்தில் குந்தினார். இரண்டேகாலுக்கு ஐடா வந்து பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நானே வந்திருப்பேனே அண்ணா."

"வரமாட்டீங்க. வார்டுல அவ்ளோ பேரு படுத்துகினு இருக்கும்போது குருவி வாங்கப் போறதான்னு நெனச்சுகினு இருப்பீங்க."

ஐடா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"வேலய பாத்தீங்க இல்ல? அது வேற. இது வேற" என்றார் தம்மபாலன். "வூட்டக் காட்டுங்க."

குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. தம்மபாலன் கூண்டை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு மேஸ்திரியைப்போல வீட்டைச் சுற்றி வந்தார். சமையலறையில் நின்று ஸ்டவ்வின் மண்ணெண்ணெய் வாடை எதுவரை வருகிறது என்று மோந்து பார்த்தார். நடுக் கதவைச் சாத்தித் திறந்தார். உள்ளங்கையைச் சுவரில் வைத்துச் சூடு பார்த்தார். கடைசியில் முன்னறையில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைக் காட்டி, "இங்க" என்றார். கொண்டுவந்திருந்த கொக்கியை அங்கே அடித்து, கூண்டை மாட்டி, துண்டை எடுத்தார். ஒரு பச்சை, ஒரு நீலம். நீலத்துக்கு இடது சிறகில் ஓர் இறகு பாதியாக இருந்தது.

"இவன் உங்க கையில இருந்தவன். மொளச்சிகினு இருக்குது. இன்னும் ஒரு மாசத்துல நேரா ஆயிடும்."

இரண்டு குருவிகளும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, கம்பியின் ஓரத்தில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தன. ஐடா கிட்டே போய்ப் பார்த்தார். "சத்தமே போடலியே அண்ணா?"

"மூணு நாளு போடாது. புது எடம். நீங்களும் ஒண்ணும் கேக்காதீங்க. கொஞ்சம் தள்ளி ஒக்காந்து உங்க வேலய பாருங்க. துணி மடிங்க, பைபிள் படிங்க. நீங்க கீறது தெரியட்டும், அவ்ளோதான்."

ஐடா உடனே கூண்டைவிட்டு நாலடி தள்ளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நாங்கள் சொல்லிக்கொண்டு வெளியே வந்தோம்.

வராந்தாவில் தம்மபாலன் செருப்பில் ஒரு காலை நுழைத்தவர் நிமிர்ந்து பார்த்தார். தூணில், ஆள் உயரத்தில், ஒரு புது ஆணி அடித்திருந்தது. குருவி வரும் என்று நம்பி ஐடா எப்போதோ அடித்து வைத்த ஆணியாக இருக்கவேண்டும். மேற்கு வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. வராந்தாச் சுவர் பூனை தாவுகிற உயரம்தான். தம்மபாலன் செருப்பிலிருந்து காலை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். ஆணியைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்து, உள்ளே சத்தம் கேட்காமல் மெல்லப் பிடுங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.